பின்போல் மெஷினில் பல்ப் எரியவில்லையா? முதலில் ஹோல்டரைப் பாருங்கள்

பழைய பின்போல் மெஷினில், அதாவது சாய்ந்த பலகையில் உருக்குப் போலை (பந்தை) உருட்டித் தட்டி விளையாடும் பெட்டியில், ஒரு விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் பல்ப்பைத்தான் மாற்றுவார்கள். புதிய பல்ப்பும் எரியாது. ஆட்டப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் எரியும், இரண்டு ஆட்டம் முடிவதற்குள் மறுபடி அணையும். இந்த இடத்தில் பலர் உள்ளே ஏதோ பெரிய கோளாறு என்று பயந்து மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. கோளாறு பல்ப்பைப் பிடித்திருக்கும் ஹோல்டரில், அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கைக்கு இப்படியொரு மெஷின் வருகிறதென்றால், அது அநேகமாகக் கனடாவிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வீட்டுச் சாமானோடு கொன்ரெயினரில் வந்ததாக இருக்கும். பழைய மெஷின்களில் பெரும் பகுதி சிக்காகோவில் செய்யப்பட்டவை: கொட்லீப், பாலி, வில்லியம்ஸ் கம்பனிகளுடையவை. 1970களின் பிற்பகுதி வரை வந்தவை ரிலேயும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) மோட்டரும் சுவிட்ச் தகடுகளும் வைத்து ஓடுபவை. அதற்குப் பிறகு வந்தவற்றில் மின்னணுப் பலகைகள் இருக்கும். ஆனால் இரண்டு வகையிலும் பல்ப் ஹோல்டர் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே நாற்பது வருடம் ஓரளவு தாக்குப்பிடித்த ஹோல்டர், இங்கே சோளகக் காற்றின் உப்பும் கார்த்திகை மாத ஈரமும் பட்டவுடன் கெதியாகக் கறள் பிடிக்கும். குருநகர், நாவாந்துறை, காரைநகர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் இன்னும் மோசம்.

ஹோல்டருக்குள் என்ன இருக்கிறது

உதிரியாக ஒரு ஹோல்டர் கிடைத்தால் கையில் வைத்துப் பாருங்கள். சிறுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழாய். பல்ப்பின் இரண்டு பக்க முனைகள் நுழைந்து திரும்புவதற்கு அதில் இரண்டு வெட்டுகள். நம் வீட்டுப் பின் பல்ப் ஹோல்டரின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாயை ஒரு தகரத் துண்டின் ஓட்டையில் நுழைத்து, விளிம்பை அடித்து மடக்கி இறுக்கியிருப்பார்கள். ஈயம் வைத்திருக்க மாட்டார்கள், வெறும் இறுக்கம் மட்டும்தான். அந்தத் தகரத் துண்டுதான் ஹோல்டரைப் பலகையில் பிடித்திருக்கும் கால். மின்சாரத்துக்கு ஒரு பக்க வழியும் அதுவே.

குழாயின் அடியில் மண்ணிறத்தில் ஃபைபர் வட்டு ஒன்று. அதன் நடுவில் பல்ப்பின் அடியைத் தொடும் சிறு முனை, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிறிங், எல்லாவற்றுக்கும் கீழே வயர் ஒட்டுகிற காது. உள்ளமைப்பு வகைக்கு வகை சற்று மாறும். ஆனால் பல வகைகளில் காதுக்கும் நடு முனைக்கும் இடையே இருப்பது ஸ்பிறிங்கின் அழுத்தம் மட்டுமே.

ஆக, கோளாறு வரும் இடம் இரண்டு. ஒன்று குழாயும் தகரமும் சேரும் மடிப்பு. மற்றது நடு முனையும் காதும் சேரும் இடம். இரண்டிலும் உலோகத்தோடு உலோகம் அழுத்திக்கொண்டு நிற்கிறதே தவிர ஒட்டவில்லை. அந்த இடுக்கில் களிம்பு ஏறினால் மின்சாரம் திணறும். வெளியே பார்த்தால் ஹோல்டர் பளபளவென்று இருக்கும்.

இதற்குப் பெரிய களிம்பு தேவையில்லை என்பது ஒரு சிறு கணக்கில் தெரியும். இந்த மெஷின்களில் அதிகம் காணப்படும் 44ஆம் இலக்கப் பல்ப் 6.3 வோல்ற்றில் 0.25 அம்பியர் எடுக்கும். எரியும்போது அதன் தடை சுமார் 25 ஓம். அந்த மடிப்பில் வெறும் 5 ஓம் தடை புகுந்தால் பல்ப்புக்குக் கிடைப்பது 5 வோல்ற் சொச்சம். இழை பல்ப்பின் வெளிச்சம் வோல்ற் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும் என்பதால், அதற்கே வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மங்கலாக எரியும் விளக்கைப் பார்த்து ரான்ஸ்போமரைச் சந்தேகிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சில பழைய மெஷின்களில் சுவிட்ச் நின்றாலும் ரான்ஸ்போமருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். விளக்கின் 6 வோல்ற் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே பலகைக்கு அடியில் போலைத் தள்ளும் சுருள்களுக்கான 25, 50 வோல்ற் அல்லது அதற்கும் மேல் ஓடுகிறது, பெட்டியின் அடியில் 230 வோல்ற் இருக்கிறது. தொடக்க கால மின்னணு மெஷின்கள் பலவற்றில் புள்ளி காட்டும் எண் பலகைக்கு நூறு வோல்ற்றுக்கு மேல் போகும்.

கனடாவிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் இன்னொன்று: அது 120 வோல்ற்றுக்குக் கட்டியது. ரான்ஸ்போமரில் 220 அல்லது 240க்கான முனை இருக்கிறதா என்று பார்த்து மாற்றாமல், பிளக்கை மட்டும் மாற்றி நம் சுவரில் செருகினால் ஹோல்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே இராது. இரண்டு வயர் மட்டும் உள்ள பழைய பிளக் கோட் என்றால், எர்த் வயரோடு மூன்று வயர் கோட் போட்டு, உலோகப் பாகங்களுக்கு எர்த் கொடுங்கள். தெரியாதவர்கள் இந்த வேலையை எலக்றீசியனிடம் விடுவது நல்லது. வீட்டு ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு முன்பக்க இரும்புப் பட்டையைக் கழற்றி, கண்ணாடியை இழுத்து, நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். உருக்குப் போலை வெளியே எடுங்கள். எடுக்க மறந்து ஆட்டப் பலகையைத் தூக்கினால் அது உருண்டு போய் மேல் பெட்டிக் கண்ணாடியை உடைக்கும். அந்தப் படம் போட்ட கண்ணாடிக்கு மாற்று இங்கே கிடையாது. பலகையைத் தூக்கியதும் பக்கத்தில் இருக்கும் முட்டுக் கம்பியைக் கொடுங்கள்.

கோளாறைப் பிடிப்பது

எத்தனை விளக்கு எரியவில்லை என்பதே பாதி பதில். ஒன்று மட்டும் என்றால் பல்ப் அல்லது ஹோல்டர். ஒரு வரிசை முழுவதும் என்றால் அவற்றை இணைக்கும் வயர். பலகைக்கு அடியில் ஹோல்டருக்கு ஹோல்டர் வெற்றுக் கம்பி ஸ்ரேபிள் அடித்துப் போயிருப்பதைக் காண்பீர்கள். அதில் எங்கோ ஈயம் விட்டிருக்கும். பொது விளக்குகள் (ஆட்டம் முழுவதும் எரிந்துகொண்டிருப்பவை) எல்லாமே அணைந்திருந்தால் ஹோல்டரைத் தொடவே வேண்டாம். பியூசைப் பாருங்கள், பியூஸைப் பிடித்திருக்கும் கவ்வியைப் பாருங்கள், மின்னணு மெஷின் என்றால் பொது விளக்குக்கான இணைப்பான் சூட்டில் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விளக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். நிச்சயமாக எரியும் ஒரு பல்ப்பைப் பக்கத்து ஹோல்டரிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். புதுப் பல்ப்பை நம்ப வேண்டாம், பெட்டியிலேயே பழுதானதும் உண்டு. அதுவும் எரியாவிட்டால் பல்ப்பைக் கழற்றிவிட்டு, பிளக் வெளியே இருக்கும்போதே, மல்ரிமீற்றரை ஓமில் வையுங்கள். முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது என்ன காட்டுகிறது என்று பார்த்து மனதில் கழித்துக்கொள்ளுங்கள். இனி ஒரு முனையைத் தகரத்திலும் மற்றதைக் குழாயின் உட்புறத்திலும் வையுங்கள். அரை ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. எண் ஆடிக்கொண்டிருந்தாலோ சில ஓம்கள் காட்டினாலோ மடிப்பில் களிம்பு. அடுத்து காதுக்கும் நடு முனைக்கும் இடையே அதே சோதனை. மீற்றர் முனையால் நடு முனையை மெல்ல அழுத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் ஸ்பிறிங் பக்கக் கோளாறு.

வயர் ஒட்டிய இரண்டு இடங்களுக்கும் இடையே ஓம் பார்ப்பதில் பயனில்லை. எல்லா விளக்கும் பக்கம் பக்கமாக இணைந்து, அவற்றோடு ரான்ஸ்போமர் சுருளும் சேர்ந்து, எப்போதும் பூச்சியத்தை ஒட்டித்தான் காட்டும். புதிதாக மீற்றர் பிடிப்பவர்கள் இதைப் பார்த்து ஷோர்ட் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

மின்சாரம் இருக்கும்போது செய்யும் சோதனை இதைவிட உறுதியானது. ஆனால் ஒரு கையை பொக்கற்றில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவர்களுக்கு மட்டும். ரிலே வகை மெஷினில் பல்ப்பைப் போட்டு, மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, தகரத்துக்கும் குழாய்க்கும் இடையே அளவிடுங்கள். நல்ல மூட்டில் ஏறக்குறையப் பூச்சியம். ஒரு வோல்ற் காட்டினால் உங்கள் வெளிச்சம் அங்கேதான் போகிறது.

சுத்தம் செய்வது, அதன் எல்லை

முதலில் சுத்தம் செய்யுங்கள், பல ஹோல்டர்களுக்கு அது போதும். பென்சில் நுனியில் மெல்லிய அரத்தாள் துண்டைச் சுற்றிப் பசை போட்டு, குழாய்க்குள் விட்டுச் சுழற்றுங்கள். நடு முனையையும் ஒரு சிறு துண்டால் தேயுங்கள். தூசைத் துடைத்து, ஆவியாகிப் போகும் கொன்ராக்ட் கிளீனர் சிறிது அடியுங்கள். பல்ப்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டையும் அதே அரத்தாளில் ஒரு இழுப்பு இழுங்கள். இரும்பு நார் வேண்டாம்: உதிர்ந்த இழைகள் எங்கே விழும் என்று சொல்ல முடியாது, விழுந்த இடத்தில் ஷோர்ட் ஆகும்.

குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது நமக்குப் பழக்கம், அதனால் பித்தளைக் குழாய்க்கும் புளியோ தேசிக்காயோ போடலாமே என்று கேட்பார்கள். மினுங்கும்தான். ஆனால் குத்துவிளக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், ஹோல்டரைக் கழுவ முடியாது. இடுக்கில் நின்ற புளிப்பு ஃபைபர் வட்டில் ஊறி, சில மாதத்தில் முன்னைவிடப் பச்சையாகக் களிம்பு கட்டும். எண்ணெய், கிறீஸ் பூசுவதும் எனக்குப் பிடிக்காது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தும் தகரத்துக்கும் குழாய்க்கும் இடையே தடை இறங்கவில்லை என்றால் மேலும் தேய்த்துப் பயனில்லை. அரத்தாள் அந்த மடிப்புக்குள் போகாது. ஹோல்டரைத் திருகி அசைத்தால் அன்றைக்கு எரியும், ஈரக்காற்று வந்ததும் மறுபடி போகும். இங்கே ஈயப் பாலம் போட்டுவிடுவதே சரி.

பாலம் போடுவது

40 முதல் 60 வாட் வரையுள்ள சோல்டரிங் அயன் தேவை. மொபைல் போன் வேலைக்கு வைத்திருக்கும் சிறியது இந்தத் தகரத்தைச் சூடாக்கப் போதாது. ஈயம் உள்ளே ரோசின் உள்ள 60/40 வகை. இரண்டும் எலக்ரோனிக் கடைகளில் கிடைக்கும். தகர வேலைக்குப் பாவிக்கும் அமிலத் திராவகம் கூடவே கூடாது, அது வயரையே தின்றுவிடும். தட்டாரின் வெண்காரமும் இங்கே உதவாது, ஈயம் உருகும் சூட்டில் அது உருகவே உருகாது.

பல்ப்பைக் கழற்றுங்கள். குழாயின் வெளிப்பக்கத்தில், தகரத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு அரிசி அளவு இடத்தைக் கத்தி நுனியால் சுரண்டுங்கள். அதற்கு நேரே தகரத்திலும் சுரண்டுங்கள். பூச்சு போய் உலோகம் புதிதாக மின்ன வேண்டும். இந்த வேலையில் நேரம் செலவாக வேண்டிய இடம் இதுதான், அயன் பிடிக்கும் நேரம் சில விநாடிகள் மட்டும். முதலில் குழாயில் தனியாக ஒரு மெல்லிய ஈயப் பூச்சு, தகரத்தில் தனியாக ஒன்று. இரண்டிலும் ஈயம் தண்ணீர்போலப் பரவி ஒட்ட வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் சுரண்டியது போதாது. இனி இரண்டையும் சேர்த்து ஒரு துளி வைத்து, அயனை எடுத்து, ஈயம் இறுகும்வரை அசைக்காமல் விடுங்கள்.

பந்து இடித்துத் தள்ளும் பம்பர்களுக்கு அருகில் உள்ள ஹோல்டர்களுக்கு நான் துளி ஈயத்தை நம்புவதில்லை. அதிர்ச்சியில் அது வெடித்துவிடும். அங்கே பல இழை கொண்ட மெல்லிய வயர் ஒரு துண்டு எடுத்து, ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையைத் தகரத்துக்கு வரும் வெற்றுக் கம்பியிலும் ஒட்டிவிடுவேன். அதற்குப் பிறகு தகரம் எவ்வளவு கறள் பிடித்தாலும் கவலையில்லை, அது வெறும் காலாக நிற்கும்.

அயனை நீண்ட நேரம் பிடிக்க வேண்டாம். சூடு குழாய் வழியே இறங்கி ஸ்பிறிங்கைத் தளர்த்திவிடும், ஃபைபரைக் கருக்கிவிடும். கீழே இருக்கும் மரத்துக்கும் வயருக்கும் ஒரு துண்டுக் காட்போட் கொடுத்து மறையுங்கள். பலகை தலைக்கு மேல் சாய்ந்திருப்பதால் ஈயம் கையிலும் முகத்திலும் சொட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நடு முனைப் பக்கம் கோளாறு என்றால் காதைக் குறட்டால் பிடித்து அரைச் சுற்று அப்படியும் இப்படியும் திருப்புங்கள். இடுக்கில் உள்ள களிம்பு தேயும், பல சமயம் அதோடு சரியாகும். சரியாகாவிட்டால், நடு முனையின் வால் அடியில் வெளியே தெரிகிற வகையாக இருந்தால், தலைமுடி போன்ற இழைகள் உள்ள மெல்லிய வயரை வாலிலிருந்து காதுக்குச் சற்றுத் தொய்வாக ஒட்டலாம். இரண்டையும் நேரடியாக ஈயத்தால் இறுக்கிவிடாதீர்கள். முனை மேலும் கீழும் அசைந்தால்தான் சற்றுக் குட்டையான பல்ப்பும் தொடும். வால் தெரியாத வகை, ஸ்பிறிங் செத்த ஹோல்டர், ஃபைபர் உடைந்தது — இவற்றோடு மினக்கெட வேண்டாம், மாற்றுங்கள்.

மாற்றும்போது தகரக் காலின் வடிவமும் உயரமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். பல்ப் சற்று உயர்ந்தால் பலகையில் பதித்த நிறப் பிளாஸ்ரிக்கில் இடித்து அதைச் சூடாக்கும், தாழ்ந்தால் வெளிச்சம் வராது. பழைய ஸ்ரேபிளைக் கழற்றிய இடத்தில் சிறிய திருகாணி போடலாம். ஆட்டப் பலகையின் கனம் ஏறக்குறைய அரை இஞ்சிதான். ஆணி எட்டில் மூன்று இஞ்சிக்கு, அதாவது 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. நீண்ட ஆணி மேலே வந்து படத்தைப் பெயர்க்கும்.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஃபைபர் காய்ந்து சுருங்கி, காது தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஹோல்டர் ஒன்று பெரும்பாலும் எங்கோ இருக்கும். பெரிய பியூஸ் போட்டுத் தப்பப் பார்க்காதீர்கள், அந்த வெற்றுக் கம்பி மரத்தில் படிந்து ஓடுகிறது. அந்த வரியின் பல்ப்புகள் அனைத்தையும் கழற்றுங்கள். குளிர்ந்த பல்ப்பின் தடை மிகச் சிறியது, நாற்பது பல்ப் சேர்ந்தால் மீற்றருக்கு அதுவும் ஷோர்ட்டும் ஒன்று. பியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் ஹெட்லைட் பல்ப் ஒன்றை இரண்டு வயரால் இணையுங்கள். பிளக்கைச் செருகினால், ஷோர்ட் இருக்கும்வரை அது எரிந்துகொண்டிருக்கும். இனி ஒரு உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு காதாக நகர்த்திப் பாருங்கள். எந்தக் காதைத் தொடும்போது ஹெட்லைட் பல்ப் அணைகிறதோ அதுதான் ஆள். ஒரு பெட்டி பியூஸ் மிச்சம்.

எந்தப் பல்ப்

வாகன உதிரிப்பாகக் கடையில் இந்த ஹோல்டரைக் காட்டினால் சரியாகப் பொருந்தும் பல்ப் தருவார்கள். கார்களின் பார்க்கிங் விளக்கிலும் மீற்றர் விளக்கிலும் இதே அடி உள்ள பல்ப் உண்டு. ஆனால் தருவது 12 வோல்ற். போட்டால் சிவந்து மினுங்கும், நீங்கள் மறுபடி ஹோல்டரைக் குறை சொல்வீர்கள். 6 வோல்ற் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சைக்கிள் டைனமோ பல்ப்பும் 6 வோல்ற்தான், மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் அதைச் சுற்றி றேடியோ கேட்ட ஊருக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அதன் அடி திருகும் வகை, இதில் நுழையாது.

வெளிநாட்டிலிருந்து யாரேனும் வரும்போது எடுப்பிப்பதென்றால் 44ஐ விட 47ஆம் இலக்கத்தைச் சொல்லுங்கள். வெளிச்சம் சற்றுக் குறைவு, ஆனால் எடுப்பது 0.15 அம்பியர். நாற்பது விளக்குக்கு 10 அம்பியர் போன இடத்தில் 6 அம்பியர். பியூஸ் கவ்வியும் பழைய பிளாஸ்ரிக்கும் அந்த அளவுக்குக் குறைந்த சூட்டில் பிழைக்கும். எல்ஈடி போட்டால் ஹோல்டர் கோளாறு மறையும் என்று நினைப்பவர்களும் உண்டு. நேர்மாறாக நடக்கும். இழை பல்ப்பில் சூடு மிஞ்சுவதால் கண நேரத் துண்டிப்பு கண்ணுக்குத் தெரியாது, எல்ஈடியில் ஒவ்வொன்றும் துடிப்பாகத் தெரியும். ஹோல்டரைச் சரி செய்த பிறகு எல்ஈடி போடுங்கள், ஏசியில் எரியும் வகையாகப் பார்த்து.

1980களுக்குப் பிந்திய மெஷின்களில் உலோக அடி இல்லாத, கண்ணாடி அடியை அப்படியே செருகும் 555ஆம் இலக்கப் பல்ப்பும் இருக்கும். அதன் பிளாஸ்ரிக் ஹோல்டரில் உள்ள கம்பிகள் தளர்ந்தால் ஊசியால் சற்று உள்ளே வளைத்துப் பார்க்கலாம். ஒரு முறைக்கு மேல் அது நிற்காது, புதிதே நல்லது.

மின்னணு மெஷினில் ஒரு எச்சரிக்கை

ஆட்டத்துக்கு ஏற்ப எரிந்து அணையும் விளக்குகளைப் பலகையில் உள்ள சிறு சிலிக்கன் சாதனங்கள் இயக்குகின்றன. அந்த ஹோல்டரில் ஈயத் துளி காதுக்கும் தகரத்துக்கும் பாலமாகிவிட்டால் பியூஸுக்கு முன் அந்தச் சாதனம் போகும். வேலை முடிந்ததும் பல்ப் போடாமலே காதுக்கும் தகரத்துக்கும் இடையே இடைவெளி தெளிவாகத் தெரிகிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். வில்லியம்ஸ் போன்றவற்றில் இந்த விளக்குகளின் ஒவ்வொரு ஹோல்டரிலும் ஒரு டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஒட்டியிருக்கும். ஹோல்டரை மாற்றினால் அதன் கோடு போட்ட முனை எந்தக் காதில் இருந்தது என்று முன்கூட்டியே போனில் படம் எடுத்து வையுங்கள். திருப்பி ஒட்டினால் அந்த விளக்கு எரியாது. டயோட் ஷோர்ட்டாகிப் போயிருந்தால் சம்பந்தமில்லாத வேறு விளக்குகள் சேர்ந்து மங்கலாக எரியும்.

எல்லாம் முடிந்ததும் பலகையை இறக்கி, போல் போடாமல் ஒரு மணித்தியாலம் விளக்குகளை எரியவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு உடனே பியூஸ் கவ்வியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் கவ்வியின் பிடி தளர்ந்திருக்கிறது, அடுத்து மாற்ற வேண்டியது அதைத்தான்.